மேலே போய் உட்காருங்க

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ரீத்தாவுக்கு இரண்டு கால்களும் போலியோவில் போனவை. எங்கே போனாலும் மூன்று சக்கர ஸ்கூட்டர்தான். அப்பா ஆசீர்வாதம் இறந்த பிறகு வாரிசுச் சான்றுக்காக ஓர் அலுவலகத்துக்குப் போனாள். எந்த அலுவலகம் என்பதை விடுங்கள். அதிகாரி தீனதயாளன் மாடியில் இருந்தார். லிஃப்டும் இல்லை, சாய்தளமும் இல்லை. ஒரு கையெழுத்துக்கு அவர் கீழே வர முடியுமா என்று பியூன் பழனியிடம் கேட்டு அனுப்பினாள். மாடிக் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு அவரே பதில் சொன்னார்.

"ஊர்ந்தாச்சும் வாம்மா. ஒவ்வொருத்தருக்கா நான் எறங்கி வந்துக்கினு இருந்தா ஆபீஸ யாரு பாக்கறது?"

ஊர்ந்துதான் போனாள். பாதி வழியில் புடவை கிழிந்தது. வரிசையில் நின்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இரக்கமாம்!

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைக் காட்டி மேலிடத்துக்குப் புகார் அனுப்பினாள். அதற்குத் தீனதயாளன் எழுதிய பதிலில் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார். 'லிஃப்டுக்கு நிதி இல்லை. ஆனால் மாற்றுத்திறனாளி யார் வந்து அழைத்தாலும் நானே கீழே இறங்கி வந்து மனு வாங்குகிறேன். அன்றும் வருவதாகச் சொன்னேன். மனுதாரர்தான் பிடிவாதமாக மேலே வந்தார்.' அந்த உறுதிமொழி அப்படியே உத்தரவாக வந்துவிட்டது.

அந்தப் பதிலின் நகல் ரீத்தாவுக்கும் வந்தது. ஊர்ந்ததைவிட இது மோசம். அரசுக் காகிதத்தில் அவள் பொய்க்காரி ஆகிவிட்டாள். அந்தப் பொய்யை அவன் கையாலேயே அடித்து எழுத வைக்காமல் விடுவதில்லை என்று முடிவு கட்டினாள்.

வாட்ஸப்பில் மாற்றுத்திறனாளிகள் சங்கத்து ஆட்களைக் கூப்பிட்டாள். பொய் மனு மட்டும் கூடாது என்றாள். அதற்கு அவசியமே வரவில்லை. மாடி ஏற முடியாமலேயே வருஷக்கணக்கில் கிடப்பில் கிடந்த வேலை எல்லாரிடமும் இருந்தது. கல்வராயன் மலையிலிருந்தும் சங்கராபுரத்திலிருந்தும் திங்கட்கிழமை நாற்பத்தோரு பேர் வந்தார்கள். ஒருவர் மனுவை வாங்கிக்கொண்டு சார் மேலே போய் உட்கார்ந்ததும் அடுத்தவர் கூப்பிட வேண்டும். அதுதான் ஏற்பாடு.

கீழேயே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தால் மனிதர் தப்பித்திருப்பார். கௌரவம் விடவில்லை. ஏறினார், இறங்கினார். பத்தாவது ஆளுக்குச் சட்டை நனைந்தது. இருபதாவதாக வந்த சின்னப்பொண்ணு என்பவருக்குச் சுவரில் சாய்ந்துகொண்டுதான் கையெழுத்துப் போட்டார். ரீத்தா ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியே பார்த்தாள். பொய் சொல்வானேன், அவளுக்கு அது நன்றாகவே இனித்தது.

இருபத்து மூன்றாவது ஆளை முடித்துவிட்டு ஏறும்போது படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ரீத்தாம்மா, நாளைக்கே கீழ ஒரு ரூம் ஒழிச்சுத் தரேன். போதும்மா."

"அன்னிக்கு இன்னா சொன்னீங்களோ, அத எழுதிக் குடுங்க சார். எறங்கி வரேன்னு சொல்லல, ஊர்ந்து வரச் சொன்னேன்னு."

"வேலைக்கே ஒல வெச்சிடுவாங்கம்மா."

இரக்கம் வருகிறதா என்று ரீத்தா தனக்குள் தேடிப் பார்த்தாள். வரவில்லை. வெள்ளைத்தாளையும் பேனாவையும் பழனியிடம் கொடுத்து அனுப்பினாள்.

தீனதயாளன் தாளை வாங்கிக்கொண்டார். அவள் கேட்டதைத் தொடைமேல் வைத்து எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டார். அவள் இரண்டு தடவை படித்துவிட்டு மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

"அவ்ளோதானேம்மா?" கைப்பிடியைப் பிடித்து எழுந்தபடி கேட்டார்.

"என் வேல முடிஞ்சுது சார். இவங்க இன்னும் பதினெட்டு பேரு நிக்கறாங்களே. மேல போயி உக்காருங்க, அடுத்த ஆளு கூப்புடுவாங்க."