பாதி வாஃபிள்

"மெஷின்ல இன்னிக்கு வேற ஏதாவது அரைச்சீங்களா அக்கா?" என்று தோசிக் மூன்றாவது முறையாகக் கேட்டதும், மில்காரி கையிலிருந்த முறத்தைத் தட்டென்று கீழே வைத்தாள்.

"கடையத் தொறந்து பத்து நிமிஷம் ஆகல, உன் மூஞ்சியிலதான் முழிச்சிருக்கேன். என்னத்த அரைச்சிருப்பேன், என் தலையையா?"

"நேத்து கடைசியா என்ன ஓடுச்சு?"

"வறுத்த பார்லி."

"அப்போ என் அரிசில ஒரு படி போட்டு ஓட்டி, அதக் கீழ கொட்டிருங்க. அதுக்கப்புறம் வர்ற மாவுதான் எனக்கு வேணும்."

தென்கொரியாவின் குன்சான் சந்தையில் முப்பது வருஷமாக மில் நடத்துகிறவள், ஊறவைத்த பசையரிசியை வேண்டுமென்றே கொட்டச் சொல்கிறவனை அன்றுதான் பார்த்தாள். என்றாலும் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு மெஷினைத் துடைத்து, ஒரு படியை ஓட்டித் தள்ளினாள். மிச்சத்தில் ஒரு பிடி உப்பு போட்டு அரைத்தாள். ஈரமும் வாசனையுமாக இருந்த மாவுப் பையைத் தோசிக் நெஞ்சோடு அணைத்தபடி பஸ் டிப்போவுக்குப் போனான்.

அவனுடைய மகள் ஹரினுக்கு வயது ஒன்பது. கோதுமையும் பார்லியும் அவள் குடலுக்கு ஆகாது. துளி உள்ளே போனாலும் இரண்டு நாள் சுருண்டு படுத்துவிடுவாள். அம்மா மிரானோடு ஜொன்ஜுவில் இருக்கிறாள். மூன்று மாதம் முன்னால் அப்பாவைப் பார்க்க வந்தபோது தோசிக் மீன் பொரித்துக் கொடுத்தான். மாவு தொடாத மீன்தான். ஆனால் மேலே தெளித்த சோயா சாஸில் கோதுமை இருக்கும் என்று அந்த மடையனுக்கு யார் சொன்னது? ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் டிரிப்ஸ் ஏறியது. மிரான் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனும் பதிலுக்குக் கத்தியிருப்பான். "இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா, என் எதிர்ல உக்காந்துதான் நீங்க அவளப் பாக்க முடியும்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அதற்குப் பிறகு கிடைத்த முதல் ஞாயிறு மறுநாள்தான். காலை பத்திலிருந்து இரண்டு மணி வரை.

அந்த நான்கு மணி நேரத்துக்காக அவன் ஒரு மாதமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வீட்டைத் துழாவினான். நூடுல்ஸ், சாஸ், பழைய வாணலி எல்லாம் வெளியே போயின. புதிய கிண்ணம், புதிய கரண்டி, வாஃபிள் சுடும் புதிய இரும்பு அச்சு வந்தன. டிப்போவில் ஓய்வு நேரத்தில் பசையரிசி வாஃபிள் வீடியோவாகப் பார்த்துக்கொண்டிருந்தவனை, "டவுன் பஸ் கசந்துபோச்சா? பலகாரக் கடை போடப் போறியா?" என்று மற்ற டிரைவர்கள் கேலி செய்தார்கள். செய்யட்டும். கடைப் பாக்கெட் மாவில் இரண்டு முறை முயன்றான். இரண்டு முறையும் இரும்போடு ஒட்டிக்கொண்டு மானத்தை வாங்கியது. மில்லில் அரைத்த ஈரமாவுதான் சரி என்று அப்போது முடிவு செய்தான்.

ஞாயிறன்று ஹரின் தன் தட்டு, தன் கரண்டி, தன் தண்ணீர் பாட்டிலோடு வந்து இறங்கினாள். சமையல் மேடையில் இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து, இன்ஸ்பெக்டர் மாதிரி அட்டை படித்தாள்.

"இது?"

"எண்ணெய். புதுசு."

"இது?"

"முட்டைம்மா."

"முட்டைன்னு தெரியாதாப்பா எனக்கு? பக்கத்துல இருக்குற பொட்டலம்."

"சோள மாவு கலந்த சோடாப்பு. பாரு, எழுதியிருக்கு."

படித்தாள். தலையாட்டினாள். அவனுக்கு மூச்சு வந்தது. மாவில் முட்டை, எண்ணெய், பழுப்புச் சர்க்கரை போட்டுக் கலக்கினான். கரண்டி நட்டுக்கொண்டு நின்றது.

"ரொம்பக் கெட்டியா இருக்குப்பா."

ஃப்ரிட்ஜிலிருந்து பாட்டிலை எடுத்து அரை டம்ளர் அளவு ஊற்றினான். "இப்போ?"

"இன்னும் கொஞ்சம்."

இன்னும் கொஞ்சம் ஊற்றினான். மாவு கரண்டியிலிருந்து பட்டையாக இறங்கியது. சூடேறிய இரும்பில் விட்டு மூடியதும் ஓரமெல்லாம் ஆவி சீறியது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். திறந்தபோது வாஃபிள் ஒட்டாமல், கட்டம் கட்டமாக, பொன்னிறத்தில் எழும்பி வந்தது. அட கடவுளே, வந்துவிட்டது!

ஹரின் பிய்த்தாள். வெளியே மொறுமொறுவென்று உடைந்தது, உள்ளே பிசினாக இழுத்துக்கொண்டு வந்தது. கையை உயர உயரத் தூக்கினாள். அறுபடவே இல்லை. வாய்விட்டுச் சிரித்தாள். அவளை அப்படிச் சிரிக்கவைத்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்துப் பார்த்தான், நினைவு வரவில்லை.

"கிளாஸ்ல யாருக்காவது பிறந்தநாள்னா எல்லாரும் கேக் சாப்பிடுவாங்க. நான் மட்டும் ஆரஞ்சு சாப்பிடுவேன்" என்றாள், வாய் நிறைய. "இதக் கொண்டுபோலாமாப்பா?"

"எத்தனை வேணும்? வண்டி நெறயச் செஞ்சு தரேன்."

அவள் தன் பாட்டிலைத் திறந்து குடித்தாள்.

"அத ஏன் குடிக்கிற? ஃப்ரிட்ஜுல ஜில்லுன்னு இருக்கே."

"உங்க வீட்டுத் தண்ணி குடிக்கக் கூடாதுன்னு அம்மா சொன்னாங்க."

தோசிக்குக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. தண்ணீரிலுமா குற்றம் கண்டுபிடித்துவிட்டாள்? ஃப்ரிட்ஜ் பாட்டிலை வெடுக்கென்று எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தான். "பாரு! வெறும் தண்ணி. இதுல என்ன விஷமா கலந்து வெச்சிருக்கேன்?"

வெளிச்சத்தில் அது வைக்கோல் நிறத்தில் மினுங்கியது.

வறுத்த பார்லி. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வந்ததும் கெட்டிலில் ஒரு பிடி போட்டுக் கொதிக்கவைத்து, ஆறியதும் பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைப்பான். அவன் வீட்டிலும் டிப்போவிலும் தாகத்துக்குக் குடிப்பது அதைத்தான். அதைப் பார்லி என்று அவன் ஒரு நாளும் நினைத்ததில்லை. மில்லில் ஒரு படி அரிசியைக் கொட்டவைத்தவன், தன் கையாலேயே அதை ஊற்றிக் கலக்கியிருக்கிறான். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது.

"துப்பு. ஹரின், துப்பு!"

துப்பினாள். ஆனால் தட்டில் பாதிதான் மிச்சம் இருந்தது.

அவள் பாட்டிலைப் பார்த்தாள், கிண்ணத்தைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். விளக்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை. அழவும் இல்லை.

"பாதிதான்ப்பா சாப்பிட்டேன்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அம்மாகிட்ட சொல்லாதீங்க. வலி வந்தா, நேத்து ஃப்ரெண்டு வீட்டுல ஏதோ தின்னேன்னு நானே சொல்லிக்கிறேன். நீங்க சொன்னா, அப்புறம் என்னை அனுப்பமாட்டாங்க."

பொய் சொல்வானேன், ஒரு கணம் அவன் அதற்கு ஆசைப்பட்டான். அந்தப் பிள்ளை ஏற்கெனவே கதையை யோசித்து வைத்துவிட்டது. இவன் தலையாட்டினால் போதும். அடுத்த ஞாயிறு வரும், அதற்கடுத்த ஞாயிறும் வரும். வலியை மட்டும் அவள் தனியாக, பொய்யோடு சேர்த்துச் சுமக்கவேண்டும்.

போனை எடுத்தான்.

"அப்பா, வேணாம்ப்பா!" என்று அவன் கையைப் பிடித்து இழுத்தாள். விடாமல் எண்ணை அழுத்தினான்.

மிரான் எல்லாவற்றையும் கேட்டாள். "எவ்வளவு?" என்றாள்.

"பாதி."

"எப்போ?"

"பத்து நிமிஷம் ஆச்சு."

"படுக்க வைங்க. வாந்தி வந்தா பக்கத்துலயே இருங்க. கிளம்பிட்டேன்." சாவி குலுங்கும் சத்தம் கேட்டது. வைத்துவிட்டாள் என்று நினைத்தான். வைக்கவில்லை. "உங்க வீட்டுத் தண்ணி எனக்குத் தெரியும்" என்றாள். "அவகிட்ட சொன்னேன். உங்ககிட்ட சொல்லல." அதோடு தொடர்பு அறுந்தது. அது மன்னிப்பா, தீர்ப்பா என்று அவனுக்குப் புரியவில்லை.

ஹரினைப் படுக்கச் சொன்னான். மாட்டேன் என்று மேஜையருகே உட்கார்ந்துகொண்டாள். அவன் பாட்டிலைத் தொட்டியில் கவிழ்த்தான். கெட்டிலின் அடியில் ஊதிக் கிடந்த பார்லி மணிகளைக் கரண்டியால் சுரண்டிக் கொட்டினான். பாட்டிலைச் சோப்புப் போட்டு மூன்று முறை கழுவி, குழாய்த் தண்ணீரைப் பிடித்து, மேஜைமேல் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தான். தட்டில் பாதி வாஃபிள் ஆறிக்கொண்டிருந்தது.

பாட்டிலுக்கு அந்தப் பக்கம் ஹரின் கதவைப் பார்த்தபடி, ஒரு கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் வழியாக அவள் முகம் தெளிவாகத் தெரிந்தது.

"வலிக்குதாம்மா?"

"இன்னும் இல்லப்பா" என்றாள்.