கோப்பின் முதலெழுத்து

1997 ஜூன் 9, திங்கட்கிழமை காலை, தியாகராய நகரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் இரண்டாவது மாடியில், காவேரியின் கம்ப்யூட்டர் எடுத்த ஸ்கிரீன் ஷாட் GKAV0214 என்ற பெயரில் தானாகச் சேமிக்கப்பட்டது.

காவேரி மறுபடி விசையை அழுத்திப் பார்த்தாள். அதுவும் G. கல்யாண விடுப்பில் போகும்வரை அவள் எடுத்த படங்கள் எல்லாம் DKAV என்றுதான் தொடங்கின.

ஒரு மருத்துவமனைக்காக எழுதப்படும் மென்பொருளுக்குக் கையேடு தயாரிப்பது அவள் வேலை. எந்தத் திரையில் எதை அழுத்த வேண்டும் என்று எழுதி, பக்கத்திலேயே அந்தத் திரையின் படத்தையும் போட வேண்டும். ஒவ்வொன்றையும் பெயிண்ட் என்ற வரையும் மென்பொருளில் ஒட்டி, பெயர் கொடுத்து வைத்துக்கொண்டிருந்தால் பொழுது போதாது. அதற்காகவே படம் பிடிக்கும் சின்ன மென்பொருள் ஒன்று இருந்தது. பெயர் எப்படித் தொடங்க வேண்டும், எந்த இடத்தில் சேமிக்க வேண்டும் என்று ஒரு தடவை சொல்லிவிட்டால், எண்ணை அதுவே போட்டுக்கொள்ளும். யார் எடுத்த படம் என்று தெரிவதற்காக, அவரவர் இனிஷியலும் பெயரின் மூன்று எழுத்தும் முன்னால் வரும்.

D என்பது தேசம்மா, அவள் அம்மா. பட்டினப்பாக்கத்தில் மீன் விற்று அவளைப் படிக்க வைத்தவள். அப்பா காசிமேட்டில் வேறொரு குடும்பத்தோடு இருந்தார். பள்ளிச் சான்றிதழில் மட்டும் அவர் எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தது. கல்லூரி முடித்த வருஷம் காவேரி அலைந்து திரிந்து, அரசிதழில் போட்டு, அதை மாற்றிக்கொண்டாள். G என்பது கோபால், புதுக் கணவன். அந்த எழுத்தை அவள் யாரிடமும் கேட்கவில்லை.

கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் உமர் ஃபாரூக்கிடம் போய்க் கேட்டாள். கல்யாணப் பத்திரிகையைப் பார்த்துச் சம்பளப் பிரிவில் பெயரை மாற்றிவிட்டார்கள், இங்கேயும் மாற்றச் சொல்லி சுப்பராமன் சார் சொன்னார் என்றான். பழைய படங்களையும் விட்டுவைக்கவில்லை. "ஒரே கமாண்டு. D எல்லாம் G" என்று, பரிசு கொடுத்தவன் மாதிரி சிரித்தான்.

அவள் கையேட்டைத் திறந்தாள். படம் இருக்க வேண்டிய இடமெல்லாம் வெற்றுக் கட்டங்கள். கையேட்டுக்குள் படங்கள் கிடையாது. அத்தனையையும் உள்ளே போட்டால் கம்ப்யூட்டர் நின்றுவிடும். அது பெயரைச் சொல்லிப் படத்தைத் தேடி எடுத்துக்கொள்ளும். இப்போது தேடிய பெயரில் எதுவும் இல்லை.

பிரிவின் தலைவர் சுப்பராமன் கெட்ட மனிதர் இல்லை. கல்யாணத்துக்கு மயிலாப்பூரிலிருந்து குடும்பத்தோடு வந்து வெண்கல விளக்கு கொடுத்தவர். காவேரி போய்ச் சொன்னதும், வெள்ளிக்கிழமை கையேடு போயாக வேண்டும், உட்கார்ந்து ஒவ்வொரு படமாகப் புதுப் பெயரில் இணைத்துவிடு என்றார்.

"பேரைப் பழையபடி மாத்திட்டா படமெல்லாம் தானா வந்துடும் சார். ஃபாரூக்குக்கு ஒரு நிமிஷ வேலை."

"சம்பள லிஸ்ட்ல G ஆயாச்சே, காவேரி. எங்காத்துலயும் கல்யாணம் ஆன கையோட மாத்திண்டா. இதுல என்ன இருக்கு?"

"நீங்க மாத்திக்கலையே சார்."

தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். சுப்பராமன் சிரிக்கவில்லை. அவளுடைய ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியில் முடிகிறது, புதுப்பிக்க அவர்தான் எழுதித் தர வேண்டும் என்பதை மெதுவாக ஞாபகப்படுத்தினார்.

சாயங்காலம் பட்டினப்பாக்கத்தில் இறங்கி அம்மாவிடம் சொன்னாள். தேசம்மா சங்கரா மீனைச் செதில் எடுத்துக்கொண்டே கேட்டாள்.

"நான் கேட்டனா? என் எய்த்து இல்லன்னா எனுக்கு இன்னா கொறஞ்சிபூடும்? ஒய்ங்கா வேலைய பாரு கண்ணு."

"உனக்காக இல்லம்மா. இது எனக்கு."

கோபாலுக்குத் தன் எழுத்தின் மேல் பெரிய ஆசை எதுவும் இல்லை. வேலை போய்விட்டால் கே.கே. நகர் வீட்டு வாடகைக்கு என்ன செய்வது என்று மட்டும் கேட்டான்.

செவ்வாய்க்கிழமை வந்ததும் படம் பிடிக்கும் மென்பொருளின் அமைப்பைத் திறந்து, G-ஐ அழித்து D போட்டாள். சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் ஃபாரூக் அதை மாற்றியிருந்தான். அவள் திரும்ப மாற்றினாள். இரண்டு எழுத்திலும் படங்கள் கலந்து கிடந்தன. இணைக்கும் வேலை பக்கத்து நாற்காலி ஸ்ரீரஞ்சனிக்குப் போனது. அவள் முனகிக்கொண்டே ஓர் அத்தியாயத்தை முடித்துவிட்டுத் தலைவலி என்று எழுந்து போனாள். காவேரி மிச்சப் பக்கங்களை எழுதினாள், பிழை திருத்தினாள், படங்களைத் தொடவில்லை. போகிறவர் வருகிறவரெல்லாம், "இன்னாம்மா, கட்சி ஆரம்பிக்கப் போறியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

வியாழக்கிழமை காலை சுப்பராமன் அவரே அவள் மேஜைக்கு வந்தார். வழி கண்டுபிடித்துவிட்ட முகம்.

"D-யும் வேண்டாம், G-யும் வேண்டாம். வெறும் KAV. சரிதானே?"

"இல்ல சார். எனக்கு D வேணும்."

"பிடிவாதத்துக்கு ஒரு அளவு உண்டும்மா. நாளைக்கு இது போகலேன்னா யார் பதில் சொல்றது?"

"மாத்தச் சொன்னவங்க சொல்லணும். என்னைக் கேக்காமத்தானே சார் மாத்தினீங்க? மாத்தினதத் திருப்பி வைங்க. பாதி வழிக்கு நான் வர மாட்டேன்."

அவர் அவளுடைய திரையைப் பார்த்தார். அந்தப் பக்கத்தின் வெற்றுக் கட்டத்துக்குக் கீழே, 'படத்தில் உள்ளபடி நோயாளியின் பெயரைச் சரியாக உள்ளிடவும்' என்று இருந்தது. தன் அறைக்குப் போனார்.

பிற்பகலில் ஃபாரூக்கைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். ஃபாரூக் வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல் ஒரு வரி தட்டினான். காவேரி கையேட்டை மூடித் திறந்தாள். படங்கள் வந்திருந்தன. ஸ்ரீரஞ்சனி G பெயரில் இணைத்த அத்தியாயம் மட்டும் இப்போது காலியாக இருந்தது. அதைக் காவேரியே உட்கார்ந்து சரிசெய்தாள்.

வெள்ளிக்கிழமை கையேடு மருத்துவமனைக்குப் போனது. ஜூன் முப்பதாம் தேதி அவளுடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. வேலை முடிந்துவிட்டது என்று காரணம் சொன்னார்கள். அனுபவச் சான்றிதழை சுப்பராமன் கையெழுத்திட்டுக் கொடுத்தார். அதில் பெயர் D. காவேரி என்று இருந்தது.