அலம்பிய கதைப் புத்தகம்

சூடாமணி கதைப் புத்தகத்தை இரண்டு விரலால் பிடித்து, கிணற்றடி வாளித் தண்ணீரில் முக்கி எடுத்தாள். அதைத் திருப்பிக் கொடுக்க வந்து கொல்லை வாசலில் நின்ற ரோஸுக்கு முகம் செத்துப் போயிற்று. ஸ்ரீவராகம் தெருவில் கக்கூஸ் கழுவுகிறவளின் மகள் அவள். பன்னிரண்டு வயது, மிஷன் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிக்கிறாள். இந்த மலையாள ராஜ்யத்தில் கோயிலையே எல்லா ஜாதிக்கும் திறந்துவிட்டுப் பதினைந்து வருஷமாகியும் இந்த வீட்டு வாளிக்கு ஓய்வில்லை.

"பக்கம் ஒண்ணும் மடக்கல்லம்மா. கை களுவிட்டுத்தான் தொட்டேன்."

"ரோஸ்தானே எனக்குப் படிக்கக் கத்துக்கொடுத்தா? அப்பா, சொல்லுங்கோளேன்!" விஜயம் தகப்பனாரின் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

பஞ்சாபகேசன் திகைத்தார். கல்வி ஆபீஸ் குமாஸ்தா அவர். குழந்தைக்குப் பாலுக்கு அடுத்தது கதைப் புத்தகம்தான் என்று வாசகசாலையில் மேஜையைத் தட்டிப் பேசுகிறவர். ஒன்பது வயது விஜயத்துக்குப் பள்ளியில் எல்லாம் மலையாளம். தமிழ் எழுத்து மண்டையில் ஏறாமலே இருந்தது, இரண்டு மாதத்தில் தண்ணீர் பட்ட பாடாகிவிட்டது. தாம் வாங்கிப் போட்ட புத்தகங்களின் மகிமை என்று ஊரெல்லாம் மார்தட்டிக்கொண்டார். கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று ரோஸ் வரிவரியாகச் சொல்லிக் கொடுத்தது இப்போதுதான் தெரிந்தது.

நியாயம் தொண்டைவரை வந்தது. பெண்டாட்டியின் கண்ணைப் பார்த்ததும் வந்த வழியே இறங்கிவிட்டது.

"ஆபீஸுக்கு நாழியாச்சு" என்று குடையை எடுத்துக்கொண்டு நடந்தார். பழவங்காடிக் கடைத்தெரு வரும்வரை எதிரில் வந்தவர்களை நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது. மேஜையைத் தட்டிய கை ஒரு வாளியைத் தடுக்க நீளவில்லையே!

சாயங்காலம் வாசகசாலைக் காரியதரிசி பட்டாபி, குழந்தை படிக்கிற அழகைக் கேட்க வீட்டுக்கே வந்துவிட்டார்.

"எங்கே, ஒரு கதை வாசி கொழந்தே."

விஜயம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "மாட்டேன் மாமா. ரோஸ் தொட்டான்னு அம்மா பொஸ்தகத்தை அலம்பிட்டா. எனக்கு வர்ற படிப்பும் அவ சொல்லிக்கொடுத்ததாக்கும். அதை எப்படி அலம்பறது?"

"ரோஸா? ஆருங்காணும் அது?"

பஞ்சாபகேசன் முந்திக்கொண்டார். கக்கூஸ்காரி மகள் என்றால் நாளைக்குத் தெருவே சிரிக்கும்.

"அவ... டீச்சர்" என்றார்.

மானத்தைக் காப்பாற்ற வாயில் வந்த பொய். அதைவிட மெய்யான வார்த்தை எதையும் அவர் அன்றைக்குச் சொல்லவில்லை. சொன்ன பிறகுதான் அது உறைத்தது.

பட்டாபி தொடையைத் தட்டினார். "கிறிஸ்தியானின்னா என்ன ஓய்? சொல்லிக்கொடுக்கறவாளுக்கு ஏது தீட்டு? ஆத்துக்குள்ளேயே கூப்பிட்டு உக்காத்தி வைக்கலாமே!"

காப்பி டம்ளருடன் வந்த சூடாமணி நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

"கேட்டேளா அப்பா?" என்றாள் விஜயம். "நாளைக்கு ரோஸை முன்வாசல் வழியா வரச் சொல்லட்டுமா?"