மரியாதையில் சூடான பெஞ்ச்

பீளமேட்டில் ஒரு பேருந்து நிறுத்தத்தில் இருக்கும் இரும்பு பெஞ்ச், கரண்ட் இல்லாமலேயே ஐந்தாறு வருடமாகச் சூடாக இருந்து வருகிறது. அதைச் செய்தவர்கள் பொறியியல் இறுதியாண்டு படித்த கயல்விழியும் சபரீஷும். மார்கழிக் குளிரில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களுக்கு இதமாக இருக்கட்டும் என்று பேட்டரியில் சூடாகும்படி செய்தார்கள். முப்பது பேரை உட்காரவைத்துக் கருத்துக் கேட்டு எழுதினால்தான் புராஜெக்டுக்கு மார்க். அந்த மார்க் வந்தால்தான் பட்டம். பட்டம் வந்தால்தான் கயல்விழிக்கு ஓசூரில் கிடைத்திருந்த வேலை.

முதலில் உட்கார்ந்தவர் காய் வாங்கக் கிளம்பிய காளியாத்தாள். பெஞ்ச் ஐஸ்கட்டி மாதிரி இருந்தது. ஆனால் விடிந்தும் விடியாமல் நோட்டும் பேனாவுமாக நிற்கும் பெண்ணிடம் அதை எப்படிச் சொல்வது? "நல்லாக் கதகதன்னு இருக்குதுங்க அம்மணி" என்றார். அடுத்து வந்த பாலுசாமி, பற்கள் தந்தியடிக்க, "வெந்நி ஒத்தடம் குடுத்தாப்பல இருக்குது கண்ணு" என்றார். முப்பது பேரும் இப்படியே பிள்ளை மனம் நோகாமல் சொல்லிவிட்டுப் போனார்கள். கடைசி ஆள் எழுந்தபோது தெர்மாமீட்டர் பதினெட்டிலிருந்து முப்பத்தெட்டுக்கு வந்திருந்தது. பூரித்துப்போன கயல்விழி குனிந்து பார்த்தாள். பேட்டரி ஒயர் மாட்டப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

மூன்று பாராட்டுக்கு இரண்டு டிகிரி என்று அவள் கணக்குப் போட்டாள். சூடு நிஜமானதும் பாராட்டும் கூடியது. டீக்கடை சென்னியம்மாள் அதில் அப்பளம் சுட்டுப் பார்த்து, அதையும் பாராட்டினார். தை பிறப்பதற்குள் எழுபதைத் தாண்டிவிட்டது. நாற்பதுக்கு மேல் போனாலோ, குறைக்க சுவிட்ச் இல்லாவிட்டாலோ பெயில் என்று தேர்வாளர் கறாராகச் சொல்லியிருந்தார். பாராட்டினால் ஏறுவது குறை சொன்னால் இறங்கத்தானே வேண்டும்? ஆனால் முகத்துக்கு நேரே குறை சொல்லும் ஆளைச் சிங்காநல்லூர் வரை தேடியும் கிடைக்கவில்லை. கயல்விழி கெஞ்சிக் கேட்டதற்காக பாலுசாமி முயன்று பார்த்தார். "தப்பா நெனச்சுக்காதீங்க, இத்தன நல்லா இருக்கோணும்னு அவசியமில்லீங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கே இரண்டு டிகிரி ஏறியது.

தேர்வன்று எழுபத்து நான்கு. தேர்வாளர் தொட்டுப் பார்த்து விரலை உதறினார். "ஆஃப் பண்ணுங்க" என்றார். கயல்விழிக்குக் கண் கலங்கியது.

நான்கு வருடமாக அவளிடம் "சரிங்க" என்பதைத் தவிர வேறெதுவும் பேசியிராத சபரீஷ், பெஞ்சின் முன்னால் போய் நின்று தொண்டையைச் செருமினான். "நீயெல்லாம் ஒரு பெஞ்சா? காலு கோணல். வெல்டிங்கப் பாரு, எறும்புப் புத்தாட்டம் இருக்குது." அறுபத்தைந்துக்கு இறங்கியது, அதற்குமேல் அசையவில்லை. அவன் கயல்விழி பக்கம் திரும்பினான். "ஏனுங்க, ஒயர மாட்டாம உட்டது நீங்கதானுங்க. டிசைனே தப்புங்க. அப்பவே சொல்லியிருக்கோணும். நீங்க சிரிச்சுப்போட்டீங்க, எனக்கு வாயே வரலீங்க."

பெஞ்ச் முப்பத்தெட்டுக்கு வந்தது. இறங்கிய சூடு மொத்தமும் கயல்விழியின் முகத்துக்குப் போயிருந்தது.

"இத்தனையும் நாலு வருசமா எங்கீங்க வெச்சிருந்தீங்க?" என்றாள்.

தேர்வாளர் படிவத்தில் 'சுவிட்ச்' என்ற கட்டத்தில் சபரீஷ் என்று எழுதி, அவன் செல்போன் நம்பரையும் குறித்துக்கொண்டு, நூற்றுக்கு எண்பத்திரண்டு போட்டார்.

கயல்விழி ஓசூருக்குப் போனாள். அடுத்த ஆண்டே அங்கே வேலை தேடிக்கொண்ட சபரீஷும் போனான். அதற்கடுத்த ஆவணியில் கல்யாணம். ஒவ்வொரு சித்திரையிலும் இருவரும் பீளமேட்டுக்கு வந்துவிடுகிறார்கள். பாராட்டில் மறுபடி சூடேறியிருக்கும் பெஞ்சையும், டிசைன் போட்ட அவளையும் அவன் பத்து நிமிடம் திட்டுவான். ஜில்லென்று ஆனதும் அவள் "போதுங்க, பாவம்" என்பாள். வெயிலில் ஒதுங்கி நின்றவர்கள் வந்து உட்கார்ந்து, காந்திபுரம் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்ப்பார்கள்.