தாயின் பெயர் கேட்ட கட்டம்

பிடித்துச் செல்லப்பட்ட பிள்ளைகளைத் தேடும் தாய்மார்களுக்கென்று, போர் நடக்கும் எங்கள் தாயிஸ் நகரில் ஒரு சங்கம் இருக்கிறது. இரண்டே அறை, சம்பளமில்லாத ஐந்து பெண்கள். படிவம் எழுதுகிறவள் திக்ரா. முத்து முத்தான எழுத்து, ஒரு புள்ளி தவறாது. அவள்தான் அந்த ஒரு கட்டத்தைக் காலியாக விட்டாள்.

மூன்று மாதத்துக்கு முன் முக்பில் வந்தான். எதிர்த்தரப்பின் சிறையில் ஆறு வருஷமாகக் கிடக்கிற தன் தம்பி ஹமூத் காயித் சைஃபைக் கைதிப் பரிமாற்றப் பட்டியலில் சேர்க்கச் சொன்னான். கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொன்னவனுக்கு, தாயின் பெயர் என்றதும் முகம் கறுத்துவிட்டது.

"எங்கம்மா பேரை ஊர் ஆம்பிளைங்க படிக்கணுமா? ஹமூத்தோட அம்மான்னு போடு, போதும்."

"எல்லா ஹமூத்துக்கும்தான் அம்மா இருக்காங்க, அண்ணே."

"உன் அண்ணன் கடைத்தெருவுல உன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவானா?"

மாட்டான். எங்கள் ஊரில் எவனும் மாட்டான், மானம் கப்பலேறிவிடுமாம். அன்று வாசல் வரை கூட்டம். திக்ராவுக்கும் மல்லுக்கட்ட அலுப்பு. கட்டத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

இன்று காலை, பரிமாற்றத்தில் விடுதலையானவர்களோடு பேருந்து வந்தது. தேன் ஊற்றிய ரொட்டியைத் துணியில் கட்டிக்கொண்டு ஹமூத்தின் தாய் முக்பிலோடு கூட்டத்தின் முன்னால் நின்றாள். "ஹமூத் காயித் சைஃப்" என்று கூப்பிட்டதும் நரைத்த தாடிக்காரன் ஒருவன் இறங்கினான். அவள் அவனைத் தாண்டி, பேருந்தின் படியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இறங்கியவன் வேறு ஆள் என்று திக்ராவுக்குப் புரிந்துவிட்டது. இரு தரப்புக்கும் இடையே பரிமாற்றத்தைப் பேசி முடித்த நடுவரிடம் ஓடினாள்; பட்டியல் அவரிடம்தான் இருந்தது.

"அப்பன் பேரு, தாத்தா பேரு வரைக்கும் ஒண்ணாவே ரெண்டு ஹமூத் இருந்திருக்காங்க போல, தங்கச்சி. எவன்னு பார்க்க உங்க தாள்ல அம்மா பேர் இடத்துல கோடுதானே இருந்துச்சு?" என்றார் அவர். "அந்தப் பேருக்கு ஆளை வாங்கியாச்சு, நம்ம பக்கமும் ஒருத்தனைக் கொடுத்தாச்சு. இனி அந்தப் பேரை எடுத்தா கேக்க மாட்டாங்க."

அவள் திரும்பி வந்து அந்தத் தாயின் கையைப் பிடித்தாள். "தப்பு என்னோடதும்மா. அன்னிக்கே நான் பிடிவாதமா உங்க பேரைக் கேட்டு எழுதியிருக்கணும்." முக்பில் தலையை நிமிர்த்தவே இல்லை.

தாய் இருவரையும் கவனிக்கவில்லை. தாடிக்காரனுக்கு எதிரே போய் நின்றாள். அவனைத் தேடி யாரும் வந்திருக்கவில்லை.

"உள்ளே இன்னொரு ஹமூத் இருந்தானா, மகனே?"

"எங்க அறையிலதாம்மா இருந்தான். பேரைக் கூப்பிட்டதும் ரெண்டு பேரும் எந்திரிச்சோம். ஒருத்தன் போதும்னான் காவல்காரன். நான் கதவுகிட்ட இருந்தேன்."

"அவன் கதவுப் பக்கம் படுக்க மாட்டான். குளிர்காத்து பட்டா இருமல் வந்துடும்." ஓரடி நெருங்கிக் கேட்டாள்: "இன்னும் இருமுறானா?"

அவன் வேறு பக்கம் பார்த்தான். "இப்ப அதிகமாயிருக்கும்மா."

அவள் மூட்டையை அவிழ்த்து, ரொட்டியை அவன் கையில் வைத்தாள்.