குளிருது என்று வந்தவள்

கத்திரி வெயில் தொடங்கி, காசுள்ளவர்கள் எல்லாம் மலைக்கு ஏறிக்கொண்டிருந்த நாளில் தங்கலட்சுமி மலையிலிருந்து இறங்கி வந்தாள். மதுரையில் ஏறிய பஸ் பாளையம்பட்டியைத் தாண்டும்போது ஜன்னல் வழியே அனல் முகத்தில் அறைந்தது. பக்கத்து இருக்கைக்காரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "அந்தக் கண்ணாடியச் சாத்தும்மா" என்றாள். தங்கலட்சுமி சாத்தவில்லை. பல மாதங்களுக்குப் பிறகு அவள் கழுத்தில் வியர்வை இறங்கியது. அதைத் துடைக்காமல் விட்டாள்.

பரளச்சியில் இறங்கி, பெட்டியை இழுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு நடந்தாள். அப்பாவும் அம்மாவும் போனபின் அவளுக்குப் பிறந்த வீடு என்று இருந்தது அதுதான். கரண்டு இல்லை. நாகராஜ் வெறும் தரையில் படுத்து, ஒரு அட்டையால் விசிறிக்கொண்டிருந்தான்.

"என்னத்தா, ஒத்தையில வந்திருக்க? மாப்ள வரலையா?"

"வரல. நானும் இனிமே அங்க போறதா இல்ல."

நாகராஜ் எழுந்து உட்கார்ந்தான். "அடிச்சாரா?"

"இல்ல."

"குடிச்சுட்டு வாராரா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லண்ணே. அந்தக் குளிரு எனக்கு ஆகல. குளிருது. அதான் வந்துட்டேன்."

நாகராஜ் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். வயிறு குலுங்கச் சிரித்தான். வாசலில் போன ஒருவரைக் கூப்பிட்டு, "குன்னூர்ல குளிருதாம், எந்தங்கச்சி பரளச்சிக்கு ஓடியாந்துட்டா" என்று சொல்லி அவரையும் சிரிக்க வைத்தான்.

தங்கலட்சுமிக்கு உச்சந்தலை வரை எரிந்தது. அடித்தான் என்று சொல்லியிருந்தால் இந்த அண்ணன் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வண்டி ஏறியிருப்பான். உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் சிரிப்பு வருகிறது. ஒருத்திக்கு வெயில் பிடிக்கும் என்பதை யாரும் நம்ப மாட்டார்களா?

கல்யாணத்துக்கு முன்னால் அவள் தூத்துக்குடியில் ஒரு கப்பல் சரக்கு ஆபீஸில் கணக்குப் பார்த்தாள். மொட்டை மாடியில் ஒரே ஒரு அறை. பகலெல்லாம் காய்ந்த தளம் ராத்திரியிலும் காலைச் சுடும். மற்ற பெண்கள் புலம்புவார்கள். அவளுக்கு அது சுகமாக இருந்தது. துவைத்துப் போட்ட துணி தலை சீவி முடிப்பதற்குள் காய்ந்துவிடும். உடம்பு வேர்த்து வேர்த்து லேசாகிவிடும். அவளுக்குக் கிராமம் வேண்டாம். காட்டு வேலையும் வேண்டாம். வெயில் அடிக்கிற ஒரு நகரம்தான் வேண்டும். ராம்குமாருக்கு அது தெரியும். பெண் பார்க்க வந்த அன்றே சொல்லியிருந்தாள்.

ராம்குமாருக்கு விருதுநகரில் இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. போன வருஷம் பதவி உயர்வு கொடுத்து, தூத்துக்குடியா குன்னூரா என்று கேட்டிருக்கிறார்கள். அந்தச் செய்தியே அவளுக்கு நரிக்குடியில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில்தான் தெரிந்தது. ராம்குமார் சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தான்: "லட்சுமிக்காகத்தான் குன்னூரைக் கேட்டு வாங்குனேன். பாவம், எத்தனை நாளைக்கு இந்த வெயில்ல கெடந்து வேகும்." பெண்கள் எல்லாம் அவளைப் பார்த்து, "குடுத்து வச்சவடி நீ" என்றார்கள். அத்தனை பேர் முன்னால் எனக்கு வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வாயில் வைத்த சோற்றை விழுங்கிக்கொண்டு சும்மா இருந்தாள்.

குன்னூரில் சூரியன் தலைகாட்டுவதும் மறைவதுமாக இருந்தது. துணி மூன்றாம் நாளும் ஈரமாக இருந்து நாறியது. பட்டுச்சேலையில் பூஞ்சணம் பூத்தது. மாவு புளிக்கவே இல்லை. விரல் கணுக்கள் வீங்கிச் சிவந்து அரித்தன. ராத்திரியெல்லாம் சொறிந்துகொண்டு கிடந்தாள். சொன்னால் ராம்குமார், "போகப் போகப் பழகிரும்" என்பான். கோடை வந்ததும் சொந்தக்காரர்கள் வந்து இறங்கினார்கள். ஜன்னலைத் திறந்து வைத்து, "ஆகா, என்னா காத்து" என்றார்கள். அவள் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அவர்களுக்கு ஆவி பறக்கத் தோசை சுட்டுப் போட்டாள். முதல் கூட்டம் கிளம்பிய மறுநாளே பெட்டியைக் கட்டிவிட்டாள்.

நாகராஜ் சிரித்து முடிந்தபிறகும் அவன் பெண்டாட்டி முத்துத்தாய் சிரிக்கவில்லை. சமையல் கொட்டகையிலிருந்து வந்து, தண்ணீர்ச் செம்பைத் தங்கலட்சுமி முன்னால் ணங்கென்று வைத்தாள். முத்துத்தாயின் பின்கழுத்து முழுக்க வேர்க்குரு கொப்புளமாகியிருந்தது.

"மதினி, நீங்களாச்சும் கேளுங்க" என்றாள் தங்கலட்சுமி.

"என்னத்தக் கேக்கச் சொல்ற? ஒனக்கு ஏறுன கொழுப்பையா? அந்தத் தகரக் கொட்டகையில வந்து நின்னு பாரு. போன சித்திரையில அடுப்பு முன்னாடி மயங்கி விழுந்தேன். ஒங்கண்ணன் மூஞ்சியில தண்ணியத் தெளிச்சுட்டு, நம்மூருப் பொம்பளைய வெயிலு என்ன செய்யும்னாக. ஒரு சன்னல் வச்சுத் தாங்கன்னு மூணு வருசமாக் கேக்குறேன். நீ என்னடான்னா குளுகுளுன்னு ஒரு வீட்ட விட்டுட்டு வந்து நிக்குற."

"எனக்குக் குளுகுளுன்னு இல்ல மதினி. வலிக்குது."

"எனக்கு எரியுது."

இரண்டு பேரும் முறைத்துக்கொண்டு நின்றார்கள். அன்று முழுக்க ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. ஆனால் மறுநாள் முத்துத்தாய் தானாகவே வந்து அவள் விரல்களைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "இப்பிடியா வீங்கும்?" என்றாள். தங்கலட்சுமி அண்ணியின் கழுத்தில் சந்தனம் அரைத்துப் பூசினாள்.

ஞாயிற்றுக்கிழமை ராம்குமார் காரில் வந்தான். மலையிலிருந்து தேயிலைப் பொட்டலமும் வர்க்கி ரொட்டியும் வாங்கி வந்திருந்தான். வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டார்கள். உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே அவன் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியது.

"கிளம்பு லட்சுமி. ஊரே சிரிக்குது."

"சிரிக்கட்டும். நான் வரல."

"ஒனக்காகத்தானே அந்த ஊரை எடுத்தேன்."

"எங்கிட்டக் கேட்டீகளா? வெயில் எனக்குப் பிடிக்கும்னு பொண்ணு பாக்க வந்தன்னைக்கே சொன்னேன்ல?"

"அது சும்மா வெளையாட்டுக்குச் சொன்னதுன்னு நெனச்சேன். வெயில் யாருக்காச்சும் பிடிக்குமா?"

"தூத்துக்குடியா குன்னூரான்னு ஒங்களைக் கேட்டாக. எனக்காகன்னா, வீட்டுக்கு வந்து எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஏன் கேக்கல?"

ராம்குமார் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தான். நாகராஜைப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்.

"என்னால முடியல. போதுமா? விருதுநகர்ல வெயில்ல அலைஞ்சு அலைஞ்சு ரெண்டு தரம் மயங்கி விழுந்தேன். ஒடம்பெல்லாம் வெடிச்சுப் புண்ணாச்சு. ஒரு ஆம்பளை வெயில் தாங்கலன்னு நாலு பேருகிட்டச் சொன்னா என்ன நெனப்பாக?"

தங்கலட்சுமி எழுந்து நின்றாள். அவன் புண்ணாகிக் கிடந்தபோது மருந்து போட்டவள் அவள்தான். ஏதோ ஒவ்வாமை என்று அப்போது சொன்னான்.

"ஒங்களுக்கு முடியலன்னு எங்கிட்டச் சொல்லியிருந்தா, மறுபேச்சு பேசாம வந்திருப்பேன். ஒங்களுக்காகன்னு நெனச்சுக்கிட்டு அந்தக் குளிரையும் பல்லக் கடிச்சுத் தாங்கியிருப்பேன். நீங்க அதை எந்தலையில கட்டுனீக. நான் சொறிஞ்சு அழுதப்பகூட, ஒனக்காகத்தானேன்னு சொன்னீக. நானும் ஒரு வருசமா நன்றி கெட்டவ மாதிரிக் கூசிப்போயிக் கெடந்தேன்."

"சத்தத்தைக் கொறை" என்றான் நாகராஜ். "பொட்டியை எடுத்து வண்டியில வையி. மாப்ள கூடப் போ. சூடோ குளிரோ, புருசன் இருக்குற ஊர்லதான் பொண்டாட்டி இருக்கணும்."

"போக மாட்டேண்ணே."

"அப்ப இந்த வீட்லயும் எடம் இல்ல."

அப்போது முத்துத்தாய் வெளியே வந்தாள். தோளில் ஒரு துணிப்பை தொங்கியது. மகள் வர்ஷினிக்குத் தலை சீவி, நல்ல பாவாடை கட்டி, கையைப் பிடித்திருந்தாள். உள்ளே நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டும்.

"அண்ணே" என்று ராம்குமாரைக் கூப்பிட்டாள். நாத்தனார் புருஷன் அவளுக்கு அண்ணன் முறை. "நான் வாரேன். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் தொறக்குற வரைக்கும் ஒங்க வீட்ல இருக்கேன். ஒங்களுக்கும் சோறாக்கித் தாரேன். தங்கச்சி அண்ணன் வீட்டுக்கு வரக்கூடாதா?"

ராம்குமார் தயங்கித் தயங்கிக் கார்ச் சாவியை எடுத்தான். நாகராஜ் பாய்ந்து வந்து மறித்தான்.

"யாரைக் கேட்டுக் கெளம்புற நீ?"

"ஒங்களைத்தான் மூணு வருசமாக் கேட்டேன். ஒரு சன்னலுக்கு. இப்ப வழியை விடுங்க."

"ஆட்டுக்கு யாரு தண்ணி காட்டுவா? சோறு யாரு ஆக்குவா?"

"நான் ஆக்குறேன்" என்றாள் தங்கலட்சுமி. "எடமில்லன்னு சொல்லாதீகண்ணே. இப்ப ஆளு கொறையுதுல்ல."

அண்ணனை விலக்கிவிட்டு அவளே போய்க் காரின் பின்கதவைத் திறந்தாள். வர்ஷினி முதலில் ஏறிக்கொண்டது. "மதினி, பீரோல மேல்தட்டுல ஸ்வெட்டரு, சாக்ஸு எல்லாம் இருக்கு. எடுத்துப் போட்டுக்கங்க. மாவு புளிக்காது, அடுப்புக்குப் பக்கத்துல போர்வையைச் சுத்தி வைங்க" என்றாள். முத்துத்தாய் தலையாட்டினாள். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் திரும்பி நாகராஜைப் பார்க்கவில்லை.

ராம்குமார் வண்டியை எடுப்பதற்கு முன்னால் கண்ணாடியை இறக்கி, "அப்ப நீ?" என்றான்.

"மதினி திரும்பி வந்ததும் நான் தூத்துக்குடிக்குப் போறேன். பழைய ஆபீஸ்ல கேட்டிருக்கேன்."

நாகராஜ் தங்கச்சியோடு பேசவில்லை. அவள் ஆக்கிய சோற்றைத் தொடாமல் கடையில் புரோட்டா தின்றான். வயிறு கெட்டதும் பேசாமல் வந்து தட்டை எடுத்துப்போட்டு உட்கார்ந்தான். தங்கலட்சுமி ஆட்டுக்குத் தண்ணீர் காட்டினாள்; தகரக் கொட்டகையில் நின்று சமைத்தாள். வெயில் பிடித்தவள்தான் அவள், ஆனால் அந்தக் கொட்டகைக்குள் அவளாலும் நிற்க முடியவில்லை. தகரம் கக்கியதும் அடுப்பு கக்கியதும் சேர்ந்து மூச்சை அடைத்தது. ஒருநாள் கரண்டியை வீசி எறிந்துவிட்டு வெளியே வந்து, கயிற்றுக்கட்டிலில் கிடந்த அண்ணனைப் பிடித்துக்கொண்டாள்.

"இது வெயில் இல்லண்ணே. இது நீங்க செஞ்சது. வெயிலு பாட்டுக்கு வெளிய அடிக்குது. உள்ள ஒரு மனுசியப் பூட்டி வச்சு வேக வச்சது நீங்கதான். வாங்க, ஒரே ஒரு தோசை சுடுங்க, பாப்போம்."

நாகராஜ் வீம்புக்குத்தான் உள்ளே போனான். இரண்டாவது தோசையைத் திருப்பிப் போடாமலே வெளியே வந்துவிட்டான். இரண்டு நாள் கழித்துக் கொத்தனார் வந்து சுவரை அளந்தார். அதற்காக அண்ணன் மேல் அவளுக்கு மனசு இளகிவிடவில்லை. மூன்று வருஷம் சொன்னவளின் பேச்சு ஏறாமல், தோசைச் சூடு பட்டபிறகுதான் ஏறியது என்பதை நினைக்க நினைக்க ஆத்திரம்தான் வந்தது.

முத்துத்தாய் போனில் பேசினாள். "லட்சுமி, செத்தவ மாதிரித் தூங்குறேன். கழுத்துல குரு எல்லாம் அமுங்கிருச்சு" என்றாள். பிறகு, "அண்ணே நல்ல மனுசன்தான். ஆனா நீ சொன்னது சரி. அவுக ஒன்னையக் கேட்டிருக்கணும்" என்றாள். அதை வேறு யாரும் அதுவரை தங்கலட்சுமியிடம் சொல்லியிருக்கவில்லை. போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதாள்.

பள்ளிக்கூடம் திறக்கும்போது முத்துத்தாய் திரும்பி வந்தாள். வருஷா வருஷம் கத்திரிக்கு மலைக்குப் போவேன் என்று புருஷனிடம் தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குள் காலை வைத்தாள். மறுநாள் தங்கலட்சுமி அருப்புக்கோட்டைக்குப் போய்த் தூத்துக்குடி பஸ் ஏறினாள்.

ஆபீஸில் சேர்ந்த வாரத்தில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ராம்குமார் கூப்பிட்டான். வெளியே ரோடு உருகிக்கொண்டிருந்தது.

"சாப்பிட்டியா?"

"சாப்புடுறேன்."

"கை வீக்கம் எப்படி இருக்கு?"

"வத்திருச்சு."

"மாசத்துக்கு ஒரு தரம் நான் அங்க வாரேன். மழைக்காலம்னா அதிகமாவும் இருக்கலாம்."

"வாங்க. ஆனா எனக்கு இன்னும் கோவம் போகல. தெரிஞ்சுக்கங்க. எனக்காகன்னு சொன்னீகளே, அது பொய்யின்னு நரிக்குடிப் பந்தியில இருந்த அத்தனை பேருகிட்டயும் நீங்களே சொல்லணும்."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"சொல்றேன்" என்றான் ராம்குமார். "எனக்குத்தான் வெயில் ஆகலன்னு சொல்றேன். தப்புதான், லட்சுமி."

"சரி" என்றாள் அவள். பரவாயில்லை என்று சொல்ல வாய் வரவில்லை, சொல்லவும் இல்லை. போனை வைத்துவிட்டு மீதிச் சோற்றைச் சாப்பிட்டாள்.