முத்திரை குத்தின பக்கம்

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு என் வீட்டுக்காரரை அன்னைக்கே தேயிலை மலையில உருட்டி விட்டிருக்கணும்.

தானா ராத்தா டவுன் லைப்ரரியில பழைய புத்தகங்களைக் கழிச்சுக் கட்டுறாங்கன்னு பக்கத்து வீட்டுச் செல்லம் சொன்னா. ஞாயித்துக்கிழமை பஸ் ஏறிப் போனேன். வாசல்லயே மேசை போட்டுக் குவிச்சு வச்சிருந்தாங்க. மலாய், இங்கிலீசு, எல்லாத்துக்கும் அடியில நாலஞ்சு தமிழ் நாவல். டீ குடிக்கிற காசுக்கு ஒரு புத்தகம்! இருந்த தமிழையெல்லாம் வாரிக் கூடையில போட்டுக்கிட்டு வந்தேன். கொழுந்து பறிக்கிறவளுக்கு அதைவிட என்ன கொண்டாட்டம் வேணும்?

வீட்டுக்காரர் இருளப்பனுக்குத் தேயிலை ஃபேக்டரியில வேலை. புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாரு.

"இதுல சர்க்கார் முத்திரை இருக்கே?"

"லைப்ரரிக்காரனே வித்தான். காசு குடுத்து வாங்குனேன்"னேன்.

"ம்"னாரு. நானும் நம்பிட்டாருன்னு விட்டுட்டேன்.

புதன்கிழமை வேலை விட்டு வந்து, மழை கொட்டிக்கிட்டு இருக்கு, ஒரு நாவலை முடிக்கிற எடத்துல இருக்கேன். கோவிச்சுக்கிட்டுப் போனவ வீடு திரும்புறாளா இல்லையான்னு தவிச்சுப் போய்த் திருப்புறேன், கடைசிப் பக்கத்தையே காணோம். அடுத்த புத்தகத்தை எடுத்தேன். அதுலயும் இல்ல. முதல்ல ஒண்ணு, நடுவுல ஒண்ணு, கடைசியில ஒண்ணு, முத்திரை குத்தின பக்கம் பூராவும் கிழிச்சு எடுத்திருக்கு.

"யோவ், இங்க வாய்யா! என்னய்யா செஞ்சே?"

"காலையில நீ வேலைக்குப் போனப்புறம் அடுப்புல போட்டுட்டேன்"னு தலையைக் குனிஞ்சாரு. "முத்திரையோட வீட்டுல கெடந்தா வம்பு, புள்ள. ஒரு பொட்டலம் தேயிலைக்கு எங்கண்ணனை வேலைய விட்டு நிறுத்துனாங்களே, மறந்துட்டியா?"

"அது திருட்டுன்னாங்க. இது நான் வாங்குனதுய்யா!"

"சரி சரி, மெதுவாப் பேசுலா."

நான் மெதுவாப் பேசுறதா? லைன் வீடு பூரா கேக்குற மாதிரிக் கத்துனேன். அந்த நேரம் பார்த்து எஸ்டேட்டுக் கணக்கு எழுதுற கிராணி அமிர்தலிங்கம் குடையோட வாசல்ல வந்து நிக்கிறாரு.

"ஏம்மா நவமணி, லைப்ரரிப் புத்தகமெல்லாம் உன்கிட்டதான் இருக்காமே?"

அவ்வளவுதான். வீட்டுக்காரர் ஓடிப்போய்க் கையைக் கட்டிக்கிட்டு அவர் முன்னால நின்னாரு. "ஐயா, நான்தாங்க எடுத்துட்டு வந்தேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. என்னையப் போலீசுல குடுங்க, அவளை விட்டுடுங்க."

கிராணி முழிச்சாரு. "எடுத்துட்டு வந்தியா? அங்க காசுக்குல்ல விக்கிறாங்க! நானும் போனேன்ப்பா. தமிழை எல்லாம் எஸ்டேட்டுப் பொம்பளை ஒருத்தி வாங்கிட்டுப் போயிட்டான்னாங்க. நவமணிதான்னு செல்லம் சொல்லுச்சு. படிக்க ஒண்ணு கேக்கலாம்னு வந்தேன்."

எனக்கு ஒடம்பெல்லாம் பத்தி எரிஞ்சுது. கிழிச்சதுக்கு இல்ல. கொஞ்சம் பிந்திப் போனாலே அரை நாள் பேரை வெட்டிச் சம்பளத்தைக் குறைக்கிற கிராணி, அந்த ஆளே என்னைத் திருடின்னு நெனைக்கல. இத்தனை வருசம் கூட வாழ்ந்த இந்த மனுசன் நெனைச்சிருக்காரு. ஞாயித்துக்கிழமையில இருந்து, நான் போட்ட சோத்தைத் தின்னுக்கிட்டே நெனைச்சிருக்காரு!

கிழிஞ்ச நாவல் ஒண்ணைக் கிராணி கையில திணிச்சு அனுப்பிட்டு உள்ள வந்தேன். வீட்டுக்காரர் கண்ணு கலங்கி நிக்கிறாரு.

"உனக்காக நான் ஜெயிலுக்கே போயிருப்பேன், நவமணி."

"போயிருப்பே. வாங்குனேன்னு நான் சொன்னதை மட்டும் நம்ப மாட்டே. இன்னைக்கு ஒன் சோத்தை நீயே ஆக்கிக்க."